சனி ஞாயிறை விற்கச் சொல்லாதீர்கள்

சம்பளம் போதவில்லை என்று ஒருவர் வாய் திறந்தால் பதில் உடனே வந்துவிடுகிறது: "சனி ஞாயிறு சும்மாதானே இருக்கிறீங்க, ஏதாவது ஒண்டு செய்யலாமே." கல்யாண வீட்டில் இதைக் கேட்கிறேன். ஆசிரியர் அறையில் கேட்கிறேன். புத்தளம் - கொழும்பு பஸ்ஸில் முன்பின் தெரியாதவருக்கும் பக்கத்து இருக்கைக்காரர் இதையே சொல்கிறார். கைபேசியைத் திறந்தால், ஒரே வருமானத்தில் வாழ்கிறவர் முயற்சி இல்லாதவர் என்று ஊக்கப் பேச்சாளர்கள் நாள்தோறும் தீர்ப்புச் சொல்கிறார்கள். உத்தியோகம் பார்க்கும் ஒருவர் வார இறுதியில் இன்னொரு தொழிலும் தேடிக்கொள்வதே கெட்டிக்காரத்தனம், தேடாதவர் தன் கஷ்டத்துக்குத் தானே பொறுப்பு என்பது இன்று ஊரின் ஒருமித்த கருத்துப் போலவே ஆகிவிட்டது.

இந்தக் கருத்து பிழையானது என்கிறேன். நல்ல மனதோடு சொல்லப்பட்டாலும் பிழை பிழைதான். சிலாபத்திலிருந்து கற்பிட்டி முனை வரை நீளும் எங்கள் கரையில் அது தீங்கும் செய்கிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லீசிங் தவணைக்காகவோ பிள்ளையின் படிப்புக்காகவோ ஞாயிற்றுக்கிழமையும் உழைக்கப் போகிறவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களில் பலர் என் உறவினர்கள், நண்பர்கள். அந்த உழைப்பையே நோய்க்கு மருந்தாக எழுதிக் கொடுப்பவர்களோடுதான் என் வழக்கு.

"ஏதாவது ஒன்று" என்றால் இந்தக் கரையில் அது எது? கற்பிட்டிப் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். டொல்பின் பார்க்க ஆட்கள் வருவார்கள். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்று பலமாக வீசும். அப்போது காற்றாடிச் சறுக்கு விளையாட வெளிநாட்டார் வருவார்கள். ஆலங்குடாவிலும் கண்டக்குழியிலும் விடுதிகள் எழும்பியது இந்த இரண்டு பருவங்களையும் நம்பித்தான். ஆகவே உத்தியோகத்தருக்குச் சொல்லப்படும் யோசனைகளும் இங்கிருந்தே வருகின்றன: ஒரு வேன் எடு, ஒரு ஓட்டோ எடு, ஒரு போட்டுக்கு முதல் போடு, இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடு.

கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் குடும்பங்கள் வருவது எந்த நாட்களில்? சனியும் ஞாயிறும். வாரம் முழுதும் காத்திருக்கும் போட்காரனுக்கும் ஓட்டோக்காரனுக்கும் சந்தை கூடும் இரண்டே நாட்கள் அவை. மாதச் சம்பளம் உள்ளவர் அந்தத் தொழிலுக்குள் வரும்போது சரியாக அந்த இரண்டு நாட்களுக்குத்தான் வருகிறார். வரும்போது அவர் கையில் இரண்டு பலங்கள் இருக்கின்றன. ஒன்று சம்பளச் சீட்டு. அதைக் காட்டினால் லீசிங் கம்பனி வாகனம் தரும். நிரந்தர வருமானம் காட்ட முடியாத மீனவனுக்குத் தராது, தந்தாலும் கடுமையான வட்டிக்குத் தரும். மற்றது, அவர் வீட்டு அரிசியும் பருப்பும் ஏற்கனவே சம்பளத்தில் வாங்கியாயிற்று. அதனால் மற்றவர் மூவாயிரம் கேட்கும் ஓட்டத்தை அவரால் இரண்டாயிரத்துக்கு ஓட முடியும். அவருக்கு அது மேலதிகம். மற்றவருக்கு அதுதான் சோறு. விலை ஒருமுறை இறங்கினால் திங்கட்கிழமை அவர் அலுவலகத்துக்குப் போன பிறகும் அது ஏறாது.

இந்தக் கரைக்கு இது புதிய பாடம் இல்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள். பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் போன்றவர்கள் அந்த வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்திருக்கிறார்கள். நேற்றுவரை கடை வைத்திருந்தவர், சொந்தக் காணியில் பயிர் செய்தவர் எல்லாம் கற்பிட்டி மணலில் வெங்காயப் பாத்திக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் நாட்கூலிக்குப் போனார்கள். ஊர் மக்கள் முதலில் கதவைத் திறந்தார்கள், சமைத்துப் போட்டார்கள், காணி கொடுத்தார்கள். பின்னர், ஒரே தோட்டத்தை நம்பி இரண்டு மடங்கு கைகள் நின்றபோது கூலி இறங்கியது. வந்தவருக்கும் இருந்தவருக்கும் இடையே மனத்தாங்கல் வளர்ந்தது. அது ஆற ஒரு தலைமுறை ஆனது. வந்தவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆகவே யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வேலை கூடாமல் ஆட்கள் மட்டும் கூடினால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் கண்ட ஊர் இது. அந்த ஊரிலேயே, சம்பளம் வாங்குகிறவரையும் அதே வரிசையில் போய் நில் என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, மற்றவன் தொழிலுக்குள் போக வேண்டாம், தனக்குத் தெரிந்த தொழிலையே வார இறுதியில் செய்யட்டும் என்பார்கள். இது இன்னும் பெரிய கேடு. இந்த மாவட்டத்தில் படித்த உத்தியோகத்தரின் உபதொழில் பெரும்பாலும் அவருடைய வாரநாள் தொழிலேதான். அதை அவர் இரண்டாம் முறை, வேறு விலைக்கு விற்கிறார். டியூஷனை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆள் பற்றாக்குறை நெடுநாள் கதை. இருக்கிற ஒரு நல்ல ஆசிரியர் ஐந்து நாட்கள் வகுப்பில் நின்றுவிட்டு, சனி காலை ஏழு மணிக்கு மதுரங்குளியில், பத்து மணிக்குப் பாலாவியில், மாலையில் புத்தளத்தில் என்று ஓடுகிறார். ஞாயிறும் அப்படியே. திங்கட்கிழமை முதலாம் பாடவேளைக்கு வந்து நிற்பது தொண்டை கட்டிய, கால் வலிக்கிற ஒரு மனிதர். வகுப்பில் அறுபது வீதமும் டியூஷனில் நூறு வீதமும் படிப்பிக்க வேண்டும் என்று அவர் திட்டமிடுவதில்லை. உடம்பும் நேரமும் அப்படிப் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. இழப்பவர் யார்? டியூஷன் காசு கட்ட முடியாத பிள்ளை. வெங்காயம் நடுகிறவளின் மகள், உப்பளத்தில் கூலிக்குப் போகிறவரின் மகன். அரசு அவர்களுக்கு இலவசமாகத் தந்த ஆசிரியர் பாதி விற்பனையாகிவிட்ட பிறகுதான் அவர்களிடம் வந்து சேர்கிறார்.

வைத்தியத்திலும் இதைக் கண்டோம். அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாக நோயாளர் பார்க்கலாம் என்று 1977இல் மீண்டும் அனுமதி வந்தது. குறைந்த சம்பளத்தை ஈடுகட்ட நல்ல வழியாகவே அன்று பலருக்கும் பட்டிருக்கும். இன்று நிலைமை எப்படி? அரசாங்க ஆஸ்பத்திரியில் விசேட வைத்தியருக்கான வரிசை நீளமாக இருந்தால், "சனல் பண்ணிப் பாருங்க" என்று பக்கத்து வீட்டார் சொல்வது சாதாரணமாகிவிட்டது. காசு உள்ளவர் முன்னே போகிறார். வைத்தியர்கள் கெட்டவர்கள் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஒரு சேவைக்கான சம்பளத்தை அரசு முழுதாகக் கொடுக்காமல், மீதியை வெளியே போய்த் தேடிக்கொள் என்று விட்டால், சேவையின் மையமே வெளியே நகர்ந்துவிடும் என்பதுதான் இங்கே தெரிகிற உண்மை. தாபன விதிக்கோவை அரச உத்தியோகத்தரின் வெளித்தொழிலுக்குக் கட்டுப்பாடு வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. காணி அளப்பவர், கட்டட வரைபடம் அனுமதிப்பவர், வரி மதிப்பிடுபவர் எல்லாம் வார இறுதியில் அதே துறையில் தனியாகக் காசு வாங்கத் தொடங்கினால், வாரநாளில் அவர் மேசைக்கு முன்னால் நிற்கும் ஏழைக்கு என்ன நீதி கிடைக்கும்?

இந்த மருந்தை அரசே எழுதிக் கொடுத்த காலமும் ஒன்று இருந்தது. 2022 ஜூன் மாதத்தில், எரிபொருள் வரிசைகள் கிலோமீற்றர்க் கணக்கில் நின்றபோது, அத்தியாவசிய சேவைகளைத் தவிர்ந்த அரச ஊழியர்களுக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்று அமைச்சரவை முடிவெடுத்தது. வீட்டிலிருந்து பயிர் செய்யுங்கள் என்றார்கள். அதே மாதம் சுற்றறிக்கை ஒன்று வந்தது. விரும்பியவர்கள் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போய் வேலை பார்க்கலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாது என்றது. நாடே தன் ஊழியர்களிடம், எங்களால் சம்பளம் தர முடியவில்லை, வேறு வழி பாருங்கள் என்று சொன்ன நேரம் அது.

பயிர் செய்ய என்ன இருந்தது? ஒரு வருடத்துக்கு முன்னர்தான், 2021 மே மாதம், இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்திருந்தார்கள். நவம்பரில் தடை நீங்கியபோது உரத்தின் விலை எட்ட முடியாத உயரத்தில் நின்றது. கற்பிட்டியின் வெங்காயமும் பீற்றூட்டும் விளைவது மணலில். உரமும், கிணற்றிலிருந்து இறைக்கும் தண்ணீரும் இல்லாமல் அங்கே எதுவும் வராது. பரம்பரையாக அந்த மணலோடு போராடும் விவசாயிக்கே முடியாததை, கோப்பு பார்க்கும் எழுதுவினைஞர் வெள்ளிக்கிழமை ஒரு நாளில் எப்படிச் செய்வார்? கடலுக்குத்தான் போகட்டும் என்றால் அங்கும் வழியில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. உடப்பிலும் கற்பிட்டியிலும் வெளியிணைப்பு என்ஜின் பூட்டிய படகுகள் கரையிலேயே கிடந்தன. ஓட்டோ ஓடலாம் என்றால் கியூஆர் அட்டைக்கு வாரத்துக்கு ஐந்து லீற்றர் பெற்றோல். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டது. உத்தியோகத்தரின் சம்பளச் சீட்டில் எண் மாறவில்லை. அதன் பெறுமதிதான் பாதியாகிப் போனது. அந்தப் பாதியை அவர் சோம்பல்பட்டுத் தொலைத்தாரா? நிதிக் கொள்கையில் நடந்த பிழையை ஈடுகட்ட ஒரு ஆசிரியையின் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

முதல் போட்டுச் செய்யும் உபதொழிலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் கரை 1980களில் இறால் பண்ணைக்குள் பாய்ந்தது. சிலாபம், முந்தல், ஒல்லாந்தர் கால்வாயின் இரு பக்கமும் என்று கண்டல் காடுகள் வெட்டப்பட்டுக் குளங்கள் ஆயின. இறாலைக் கறியில் மட்டுமே கண்டவர்களும் பணம் போட்டார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது, 1998இல் மறுபடியும் வந்தது. பெரிய கம்பனிகள் நட்டத்தை எழுதிவிட்டு விலகின. நகையை அடகு வைத்துப் போட்டவர் எங்கே விலகுவார்? கைவிடப்பட்ட குளங்கள் இன்னும் பல இடங்களில் உவர்த்தரையாகவே கிடக்கின்றன. முழுநேரமாகக் கண்ணும் கருத்துமாகக் காத்தவர்களாலேயே நிற்க முடியாத தொழிலில், வாரத்தில் இரண்டு நாள் எட்டிப் பார்க்கிறவர் நின்றிருக்க வழியில்லை. இப்போது குளத்தின் இடத்தைக் கைபேசி பிடித்திருக்கிறது. எம்.டி.எஃப்.இ. என்ற செயலி 2023 ஓகஸ்டில் சரிந்தபோது இலங்கை முழுதும் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போனது. தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று மத்திய வங்கி வெளியிட்ட பட்டியலில் அதுவும் இருக்கிறது. இவற்றில் மாட்டியவர்களைப் பேராசைக்காரர் என்று ஏசுவது எளிது. "மேலதிக வருமானம் தேடாதவன் முட்டாள்" என்று ஊரே காதில் ஓதிய பிறகுதான் அவர்கள் அந்த வாசலுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த அறிவுரையின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: சனியும் ஞாயிறும் வெறுமையாகக் கிடக்கின்றன என்பது. யாருக்கு? தனியார் அலுவலகத்தில் வேலை செய்கிறவருக்குச் சனி பாதி நாள் ஏற்கனவே வேலை. தாதிக்கும் பொலிஸ்காரருக்கும் நுரைச்சோலை அனல் மின் நிலையத்தில் முறை மாறி நிற்பவருக்கும் கலண்டரின் சிவப்பு எழுத்து பொருந்தாது. உத்தியோகம் பார்க்கும் பெண்ணுக்கு அந்த இரண்டு நாட்கள் வாரத்தின் மிகக் கனமான நாட்கள். ஐந்து நாள் சேர்ந்த துணி, வீடு, சந்தை, மாமியாரின் கிளினிக், பிள்ளையின் பாடம் எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கின்றன. அவளிடம் போய், சும்மா இருக்கிற நேரத்தில் கேக் செய்து விற்கலாமே என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இந்தக் கரையின் எந்த ஊருக்கும் போய்ப் பாருங்கள். அஹதியா பாடசாலை நடக்கும். உடப்பிலும் முன்னேஸ்வரத்திலும் அறநெறி வகுப்பு நடக்கும். சிலாபத்திலிருந்து தலவில் வரை கோயில்களில் மறைக்கல்வி நடக்கும். படிப்பிப்பவர்கள் யார்? பெரும்பாலும் அதே ஆசிரியைகள், அதே பிரதேச செயலக உத்தியோகத்தர்கள், ஒரு சதமும் வாங்காமல். மையவாடியைத் துப்புரவாக்குவதும், திருவிழாவுக்குக் கணக்கு எழுதுவதும், மரண உதவிச் சங்கத்தை நடத்துவதும், இரத்ததான முகாம் வைப்பதும் அவர்கள்தான். போர்க்காலத்தில் அகதி முகாம்களைத் தாங்கியதும் 2022இல் பல வீடுகளுக்கு உலருணவு போனதும் இப்படிக் கிடைத்த மனித நேரத்தால்தான். இந்த நேரத்துக்கு விலை போட்டு விற்கத் தொடங்கினால், அதை மறுபடி வாங்கும் சக்தி எந்த ஊருக்கும் இல்லை.

ஓய்வு நாளை யாரும் நமக்குத் தானமாகத் தரவில்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம், வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை என்று எழுதி வைத்திருக்கிறது. 1966 முதல் 1971 வரை ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாட்களை வார விடுமுறை ஆக்கிப் பார்த்தார்கள். எந்த நாள் என்பதில்தான் அப்போதும் தகராறு. மனிதனுக்கு ஓய்வு நாள் வேண்டும் என்பதை எந்தக் கட்சியும் மறுக்கவில்லை. அன்று சட்டம் போட்டுப் பெற்றதை இன்று நாமாகவே ஒருவருக்கொருவர் புத்திமதி சொல்லித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

"இதெல்லாம் சரி, நாளைக்குக் கரண்ட் பில் கட்ட என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தனியார் துறையில் இருப்பவர்களுக்கு என் பதில் இது: இன்னொரு வேலை தேடுவதற்கு முன், இப்போதைய வேலையில் உங்களுக்கு வர வேண்டியது முழுதாக வருகிறதா என்று பாருங்கள். அதே 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. எத்தனை கடைகளில், எத்தனை நிதி நிறுவனங்களில், இறால் பதனிடும் எத்தனை தொழிற்சாலைகளில் இரவு ஏழு மணிவரை இருத்தி வைத்துவிட்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிறார்கள்? ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் நீங்கள் 8 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதமும் செலுத்த வேண்டும். அது உங்கள் முழுச் சம்பளத்துக்கும் செலுத்தப்படுகிறதா, காகிதத்தில் காட்டிய சிறு தொகைக்கா? தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அதுகூடக் கொடுக்கப்படாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. பலருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓட்டோ ஓடிக் கிடைப்பதைவிடக் கூடுதலான பணம் அவர்களுடைய முதலாளியின் லாச்சியிலேயே கிடக்கிறது.

அரச ஊழியர்களுக்கு உதாரணம் வெளியில் தேடத் தேவையில்லை. 2021 ஜூலை 12ஆம் திகதி ஆசிரியர்களும் அதிபர்களும் சம்பள முரண்பாட்டுக்காக இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். மூன்று மாதம் தாங்கினார்கள். பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என்று அவர்களை ஏசாதவர் இல்லை. 2022 ஜனவரியில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. மீதிக்காக 2024 ஜூனில் கொழும்பு வீதியில் நின்று கண்ணீர்ப்புகை வாங்கினார்கள். 2025 வரவுசெலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவுக்குக் கட்டம் கட்டமாக உயர்த்தியது. போதுமா என்றால் போதாது. ஆனால் அந்த உயர்வு வன்னாத்தவில்லுவில் கஷ்டப் பிரதேசப் பாடசாலையில் இருக்கும் ஆசிரியைக்கும் கிடைத்தது. டியூஷனுக்குப் பிள்ளைகள் சேராத சங்கீத ஆசிரியருக்கும், வேன் வாங்க முடியாத சிற்றூழியருக்கும் கிடைத்தது. எந்த வார இறுதி வேலையும் இப்படி எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்ததில்லை. அது கெட்டிக்காரர் சிலரை மட்டும் மேலே தூக்கும். அந்தச் சிலரைக் காட்டி மற்ற எல்லாரையும் வாய் மூடச் சொல்லும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை ஒரு இளம் உத்தியோகத்தர் சம்பளம் போதவில்லை என்று உங்களிடம் சொன்னால், சனி ஞாயிறு என்ன செய்கிறாய் என்று கேட்காதீர்கள். எவ்வளவு சம்பளம் தருகிறார்கள், மேலதிக நேரத்துக்குக் கூலி உண்டா, சேமலாப நிதி கட்டுகிறார்களா, எந்தச் சங்கத்தில் இருக்கிறாய் என்று கேளுங்கள். சங்கம் இல்லை என்றால் ஒன்றில் சேர்த்துவிடுங்கள். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் வைப்பார்கள். அவரையும் கூட்டிக்கொண்டு நீங்களும் போங்கள்.